பல்சக்கரத்துக்குள் ஒளிந்திருந்தவர்கள்

உங்கள் மெயிலைத் திறந்தால் மூலையில் செட்டிங்ஸுக்கு ஒரு பல்சக்கரம் இருக்குமே, அதை என்றைக்காவது அமுக்கிப் பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள். அழகுக்கு வைத்திருக்கிறார்கள் என்று விட்டிருப்பீர்கள். இராமேஸ்வரத்துக்கு முந்தின ஊரான மண்டபத்தில், பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் நாலு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். ஜெராக்ஸ், ரயில் டிக்கெட், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் பார்க்கிறேன். அதிலெல்லாம் வராத கோபம் அந்தச் சக்கரத்தை அமுக்கும்போது வரும். மெயிலே வரவில்லை என்று புலம்பிக்கொண்டு வருகிறவர்களின் மெயிலுக்குள், அவர்களுக்கே தெரியாமல் யாராவது கையை விட்டிருப்பார்கள்.

நான் ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்தில் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாவது வரை படித்தவள். வீட்டில் சிரித்த முகம்தான். என் மூணு வயது மகளைக் கேட்டால் சாட்சி சொல்வாள். கடை நாற்காலியில் உட்கார்ந்தால்தான் இப்படி.

தினமும் வந்த பிள்ளை

ரிஸ்வானா நர்சிங் முடித்த பிள்ளை. மதுரையில் விடுதியில் தங்கி நாலு வருஷம் படித்தவள். கூடப் படித்த மூணு பேர் வளைகுடா ஆஸ்பத்திரிகளுக்குப் போய்விட்டார்கள். இவளும் ஒரு ஆஸ்பத்திரிக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தாள். விண்ணப்பம் போட்டுக் கொடுத்தவர் ஒரு ஏஜென்ட். மெயில் ஐடி திறந்து கொடுத்ததும் அவரேதான்.

போனில் மெயில் பார்க்க அவளுக்குத் தெரியும். பார்த்துவிட்டுத்தான் வருவாள். இருந்தாலும் தினமும் பதினோரு மணிக்குக் கடைக்கு வந்து ஒருமுறை திறந்து பார்ப்பாள். விளம்பர மெயில்களைத் தவிர ஒன்றும் இருக்காது. "போன்லயே பாக்கலாமே, எதுக்கு வெயில்ல அலையுற?" என்று கேட்டேன். அவள் சொன்னாள்: "பெரிய ஸ்கிரீன்ல பாத்தா கூடுதலா எதுவும் தெரியுமோன்னு வாரேன்க்கா."

புயல் போகாத லாட்ஜ்

ஒருநாள் அவள் அங்கே இருக்கும்போதுதான் இராமேஸ்வரத்திலிருந்து ஒரு லாட்ஜ் மேனேஜர் வந்தார். யாத்ரீகர்கள் ரூம் கேட்டு மெயில் போடுகிறார்களாம். இவர் பதில் போட்டால் மறுபடி பேச்சே இல்லையாம். பக்கத்து லாட்ஜ்காரன் ஏதோ செய்துவிட்டான் என்றார். ரிசப்ஷனில் இருக்கும் பெண்ணின் இங்கிலீஷ் சரியில்லை என்று அவளை அழவிட்டிருக்கிறார். அதைப் பெருமையாக வேறு சொன்னார்.

கடை மெயிலிலிருந்து அவர் லாட்ஜுக்கு ஒரு மெயில் போட்டேன். கண்ணை மூடித் திறப்பதற்குள் பதில் வந்தது: புயல் காரணமாக லாட்ஜ் மூடப்பட்டுள்ளது, மறு அறிவிப்பு வரை பயணத்தைத் தவிர்க்கவும். புயல் சமயத்தில், வேலையை விட்டுப் போன எவரோ தானாகப் பதில் போகிற மாதிரி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். சக்கரத்தை அமுக்கி அதை நிறுத்தினேன். "அந்தப் பொண்ணுகிட்டப் போயி மன்னிப்புக் கேளுங்க சார்" என்றேன். அது அவர் காதில் விழவில்லை. ஸ்கிரீனையே முறைத்துக்கொண்டு சொன்னார்: "புயலு போயி ஆறு மாசமாச்சேம்மா, இதுக்கு அது தெரியாதா?"

அடியில் உட்கார்ந்திருந்தவர்

அடுத்த வாரம், படகு உரிமையாளர் சங்கத் தேர்தலில் பழையவரைத் தோற்கடித்த புதுச் செயலாளர் வந்தார். வரும்போதே சத்தம். மீன்துறை அதிகாரிக்குச் சங்கத்து மெயிலிலிருந்து எத்தனை மனு அனுப்பினாலும் பதில் பழைய செயலாளர் பேருக்கே வருகிறதாம். தன்னை மதிக்கவில்லை என்று நேரில் போய்ச் சண்டை போட்டுவிட்டுத்தான் கடைக்கு வந்திருந்தார்.

அவர் அனுப்பிய மனுவைத் திறந்து அடிவரை இறக்கிக் காட்டினேன். ஒவ்வொரு மெயிலின் அடியிலும் பழைய செயலாளரின் பேர், பதவி, கைபேசி எண், எல்லாம் கொட்டை எழுத்தில். பழையவர் பதவியில் இருந்தபோது வைத்துக்கொண்ட கையொப்பம், தானாக ஒட்டிக்கொண்டு போகிறது. மனுவை எழுதிய இவர் ஒருநாளும் அடிவரை படித்ததில்லை. படிக்காமல் அனுப்பிவிட்டு ஊரெல்லாம் சண்டை. எனக்கு எரிச்சலை அடக்க முடியாமல், "நீங்களே பாக்கலைன்னா அதிகாரி என்னண்ணே செய்வாரு?" என்று கேட்டுவிட்டேன். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்னார்: "தோக்கடிச்ச ஆள உள்ள வச்சுக்கிட்டா தாயி நான் வெளிய சண்ட போட்டுக்கிட்டுத் திரிஞ்சேன்?"

குப்பையில் கிடந்த மூணு மெயில்

அன்றைக்கும் ரிஸ்வானா பக்கத்து நாற்காலியில் இருந்தாள். செயலாளர் போனபிறகு மெதுவாகக் கேட்டாள், "என்னோடதுலயும் அந்தச் சக்கரத்த ஒருவாட்டி அமுக்கிப் பாக்குறீங்களாக்கா?"

இத்தனை நாள் எனக்கு ஏன் தோன்றவில்லை? ஏஜென்ட் தெரிந்த ஆள். கடைக்கு அவரால் நாலு பேர் வருகிறார்கள். அதனால் தோன்றவில்லை. அமுக்கினேன். உள்ளே ஒரு விதி எழுதி வைத்திருந்தது. அந்த ஆஸ்பத்திரியிலிருந்து எது வந்தாலும் ஏஜென்ட்டின் மெயிலுக்கு ஒரு நகல் போய்விட வேண்டும். இவளுடையது நேரே குப்பைக்குப் போக வேண்டும்.

குப்பையைத் திறந்தேன். மூணு மெயில் கிடந்தது. முதலாவது, உங்களை முதல் பட்டியலில் எடுத்திருக்கிறோம், வீடியோவில் நேர்காணலுக்கு நேரம் சொல்லுங்கள் என்றது. இரண்டாவது நினைவூட்டல். மூணாவது முந்தின நாள் வந்தது: நாளைக்குள் பதில் வராவிட்டால் இடத்தை வேறொருவருக்குக் கொடுக்கிறோம். அந்த 'நாளை' அன்றைக்குத்தான்.

என் மகள் என் செருப்பை அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைப்பாள். கேட்டால் டப்பாவைக் கை காட்டிச் சிரிப்பாள். இந்த ஆள் ஒரு பிள்ளையின் நாலு வருஷப் படிப்பைக் குப்பையில் ஒளித்துவிட்டு, அவள் முகத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியிருக்கிறான். ரிஸ்வானா அழவில்லை. மூணு மெயிலையும் இரண்டு தடவை படித்தாள். பிறகு சொன்னாள்: "நேத்துக்கூட உம்மாகிட்ட, உங்க மகளுக்கு மார்க்குப் பத்தலைன்னு சொன்னாருக்கா."

ஏஜென்ட் பேசியது

ரிஸ்வானாவைப் பதில் எழுதச் சொல்லிவிட்டு, ஏஜென்ட்டுக்குப் போன் போட்டேன். "அந்தப் புள்ள மெயில்ல என்ன செஞ்சு வச்சிருக்கீங்க?" என்று கேட்டேன். மனுஷன் பதறவே இல்லை. "தங்கச்சி, இந்தப் புள்ளைகளுக்கு ஆஸ்பத்திரிக்காரன்கிட்டப் பேசத் தெரியாது. நான் வாங்கிப் பாத்து, யாருக்கு எது தோதோ அங்கன அனுப்பி வைப்பேன்" என்றார். அப்படியென்றால் அந்த இடம் வேறு யாருக்கோ தோதாகிவிட்டது.

"அவ படிச்ச இங்கிலீஷுல கால்வாசி உங்களுக்கு வராது. அவ பேருக்கு வந்த லெட்டர ஒளிக்க நீங்க யாரு?" என்று கேட்டேன். கடையில் ஜெராக்ஸ் எடுக்க நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நான் குரலை இறக்கவில்லை. இன்னும் என்னென்னவோ கேட்டேன், அதையெல்லாம் இங்கே எழுத முடியாது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு அவர் சிரித்தார்: "உங்க கடையில திறந்து குடுத்த மெயிலுக்கெல்லாம் யாரு நம்பரு போட்டிருக்கு தங்கச்சி?"

போனை வைத்துவிட்டேன்.

என் கை

ரிஸ்வானா பதிலை அனுப்பியிருந்தாள். அரை மணி நேரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து நேரமும் வந்துவிட்டது, வியாழக்கிழமை காலை. அந்த விதியை அழித்தேன். பாஸ்வேர்டை அவளையே மாற்றச் சொல்லிவிட்டு, மறுபக்கம் திரும்பிக்கொண்டேன். கடைசியாக, பாஸ்வேர்டு மறந்தால் மெயிலை மீட்கிற நம்பர் பாக்கி. அது ஏஜென்ட்டுடையது. அதை எடுத்தேன். புது நம்பரைக் கேட்டது. தட்டினேன். கடை போனுக்கு வந்த குறியெண்ணையும் பார்த்துப் போட்டேன். முடிந்தது.

எங்கள் கடையில் அப்படித்தான். வருகிறவர்கள் சிம்மை மாற்றிவிடுவார்கள், நம்பரை மறந்துவிடுவார்கள். அதனால் முதலாளி முதல்நாளே சொல்லிக்கொடுத்தது, யார் மெயிலாக இருந்தாலும் கடை நம்பரைப் போடு என்று. நாலு வருஷமாகத் தட்டித் தட்டி அந்தப் பத்து எண்ணும் விரலிலேயே இருக்கிறது. ஏஜென்ட்டை அவ்வளவு பேசிய சூட்டிலும் விரல் அதைத்தான் தட்டியிருக்கிறது. எனக்கு அது தெரியவே இல்லை.

ரிஸ்வானா ஸலாம் சொல்லி, வியாழக்கிழமைக்கு துஆ செய்யச் சொல்லிவிட்டு வாசல்வரை போனாள். செருப்பை மாட்டினாள். மறுபடி கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.

ஊரார் மெயிலில் அடுத்தவன் ஒளிந்திருந்தால் ஒரே அமுக்கில் பிடித்துவிடுவேன் என்று எனக்கு மண்டபம் முழுக்க நல்ல பேர், என்னைப் பிடிக்க மட்டும் ரிஸ்வானா வரவேண்டியிருந்தது. ஸ்கிரீனைக் காட்டி அவள் கேட்டாள்:

"கோவிச்சுக்காதீங்கக்கா, உங்க கடை நம்பரையும் அதுலேர்ந்து எடுத்துருங்க."