பெரியவளை மாதிரி வேண்டாம் என்று கேட்டேன்

நான் மறுபடி உண்டாகியிருக்கிறேன் என்று தெரிந்தபோது எங்கள் வீட்டில் யாரும் இனிப்பு வாங்கவில்லை. ஈஸ்டர் பாஸ்கா திருவிழா முடிந்த வாரம் அது. என் கணவர் அந்தோணி சட்டையை மாட்டிக்கொண்டு துறைமுகத்துக்கு வேலைக்குப் போய்விட்டார். என் மாமியார் அடுப்பில் இருந்த குழம்பைக் கிளறிக்கொண்டே இருந்தார். அது கிளறத் தேவையில்லாத குழம்பு.

காரணம் என் பெரிய மகள் ஸ்டெல்லா. அவளுக்குப் பத்து வயது. பிறவியிலேயே காது கேட்காது.

நம் அன்பியச் செபக் கூட்டத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் பிலோமினா. கடலூர் முதுநகரில் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறேன். அந்தோணி போட் இன்ஜின் மெக்கானிக். என் சொந்த அத்தை மகன். சொந்தத்தில் கட்டுவதற்கு ஆயரின் அனுமதி வேண்டும். அதை முறையாக வாங்கி, பங்குக் கோயிலில்தான் தாலி கட்டிக்கொண்டோம். ஸ்டெல்லாவுக்கு மூன்று வயதாகியும் பேச்சு வராமல் டாக்டரிடம் காட்டினபோதுதான் காது விஷயம் தெரிந்தது. அன்றிலிருந்து அந்த அனுமதியைக்கூட வீட்டில் குற்றம் மாதிரி பேச ஆரம்பித்துவிட்டார்கள். "ரெண்டு பேரு ரத்தமும் ஒன்னு, அதான் இப்படி. தம்பி மவள வெளியில வுடக்கூடாதுன்னு நான்தான் கட்டிவச்சேன்" என்று அத்தை தன் தலையிலேயே அடித்துக்கொள்வார். அது எனக்கு விழுகிற அடி என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

செய்தி கேட்டுக் கம்மாபுரத்திலிருந்து நாத்தனார் வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"ஒன்னு போதாதா அண்ணி? மறுபடி அதே மாதிரி வந்தா யாரு பாக்கறது? நாள் தள்ளிப்போறதுக்குள்ள போய் கலைச்சுட்டு வந்துடுங்க."

நான் அந்தோணியைப் பார்த்தேன். "மாமா, நீங்க சொல்லுங்க. இன்னா பண்ணலாம்?" என்றேன்.

"எனக்கு ஒன்னும் தெரில பிலோமி. உன் இஷ்டம்" என்றார்.

உன் இஷ்டம் என்ற சொல்லைப் போல ஒரு பெண்ணைத் தனியாக விடுகிற சொல் வேறு இல்லை. கலைக்க எனக்கு மனம் வரவில்லை. பெற்றுக்கொள்ளவும் தைரியம் வரவில்லை. தையல் மிஷினில் உட்கார்ந்தால் தைத்ததையே பிரித்துப் பிரித்துத் தைத்தேன். வயிற்றில் இருப்பது அசைய ஆரம்பித்தபோது சந்தோஷப்படுவதற்குப் பதிலாகப் பயந்தேன். இதுவும் கேட்காதோ, இதுவும் தெருவில் பின்னால் வருகிற வண்டியின் சத்தம் தெரியாமல் நடக்குமோ என்றே மனம் ஓடியது.

சாயங்காலம் கோயில் மணி அடித்ததும் மாதா படத்துக்கு முன்னால் முழங்காலில் நிற்பேன். ஸ்டெல்லாவும் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பக்கத்தில் நிற்பாள். வீட்டில் உள்ளவர்களுக்குக் கேட்கக்கூடாது என்று சத்தமே வராமல் உதட்டை மட்டும் அசைத்து மன்றாடுவேன். செபமாலை முடிந்ததும் ஒரே ஒரு வேண்டுதல்தான். "தாயே, பெரியவள மாதிரி இன்னொன்னு வேணாம். பெரியவள மாதிரி ஆக்கிடாத." மணியை உருட்டி உருட்டி இதையே சொல்வேன். கண்ணைத் திறந்தால் ஸ்டெல்லா என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள். பிள்ளைக்குப் பக்தி வந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

மழைக்காலத்துக்கு முன்னால் அவள் மாறினாள். காது மிஷினைக் கழற்றி டப்பாவில் வைத்துவிட்டு எடுக்கவே மாட்டேன் என்றாள். நான் பேச வாயைத் திறந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முகத்தைத் திருப்பிக்கொண்டால் அவளோடு பேச முடியாது. நமக்குக் கதவைச் சாத்துவது எப்படியோ அவளுக்கு அது அப்படி. தம்பியோ தங்கையோ வரப்போகிற பொறாமை என்று அத்தை சொன்னார். நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

அப்போதுதான் அவள் படிக்கிற, காது கேட்காத பிள்ளைகளுக்கான பள்ளியில் பெற்றோர்களை வரச் சொன்னார்கள். எந்தப் பிள்ளைக்கு எதனால் காது கேட்காமல் போனது என்று ஏதோ ஆராய்ச்சிக்காக இரண்டு பெண்கள் விசாரிக்க வந்திருந்தார்கள். வயிற்றைத் தூக்கிக்கொண்டு அத்தையோடு போனேன். எல்லார் முன்னாலும் சொந்தத்தில் கட்டினோம் என்று சொல்லவேண்டுமே என்று உடம்பெல்லாம் கூசியது.

எனக்கு முன்னால் இருந்தவர்கள் சொன்னதெல்லாம் காதில் விழுந்தது. பரங்கிப்பேட்டை பாய் வீட்டு அம்மா, மகனுக்கு மூளைக்காய்ச்சல் வந்து பிழைத்தான், காது மட்டும் திரும்பவில்லை என்றார். பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்காடு வைத்திருக்கும் ஒருத்தர், பிறந்ததும் மகளுக்கு மஞ்சள்காமாலை ஏறிவிட்டது என்றார். ஒரு பிள்ளை குறைமாதத்தில் பிறந்தது. ஒன்று பிறந்ததும் அழவே இல்லை. எங்களைப் போலச் சொந்தத்தில் கட்டினவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அசலில் கட்டினவர்களும் நிறையப் பேர் இருந்தார்கள். எந்தக் காரணமும் தெரியவில்லை என்று கையை விரித்தவர்களும் உண்டு. செய்த பாவத்தால் என்று அங்கே ஒருவரும் சொல்லவில்லை. எங்கள் தெருவில் மட்டும்தான் அதைச் சொல்கிறார்கள்.

என் முறை வந்தது. சொந்தத்தில் கட்டினோம் என்று சொன்னேன். அந்தப் பெண் முகத்தைச் சுளிக்கவில்லை. அடுத்த கேள்விக்குப் போனாள்.

"இந்தப் பொண்ணு வயித்துல இருக்கும்போது காய்ச்சல் ஏதாவது வந்துச்சாக்கா?"

"இல்லம்மா. ஒன்னும் வரல."

"உடம்புல செவப்பா, பொரிப் பொரியா ஏதாவது?"

"அது காய்ச்சல் இல்லம்மா. அம்மை. மூணாம் மாசத்துல லேசா போட்டுது, உடனே எறங்கிடுச்சு."

அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"அம்மைய போயி யாராவது ஆஸ்பத்திரியில சொல்லுவாங்களா?" என்றேன். அத்தையும் தலையாட்டினார்.

நாம் கிறிஸ்தவர்கள்தான். ஆனாலும் அம்மை போட்டால் நம் வீட்டு வாசலிலும் வேப்பிலை சொருகுகிறோம். மருந்து கிடையாது, ஊசி கிடையாது, ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கக்கூடாது. இளநீரும் மோரும் கொடுத்து, இறங்கினதும் வேப்பிலைத் தண்ணீர் ஊற்றி, வேளாங்கண்ணிக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டு அதோடு மறந்துவிடுவோம். வந்து போனதைக்கூட நோய் என்று வாயால் சொல்வதில்லை. ஸ்டெல்லாவின் காதைப் பார்த்த ஒவ்வொரு டாக்டரும் காய்ச்சல் வந்ததா என்று கேட்டார்கள். ஒவ்வொரு தடவையும் இல்லை என்றுதான் சொன்னேன். பொய் என்று நினைத்துச் சொல்லவில்லை.

அந்தப் பெண்தான் எங்களைச் சிதம்பரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாள். அங்கே ஒரு டாக்டரம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். ஸ்டெல்லா பிறந்தபோது இதயத்தில் ஒரு சின்னக் கோளாறு இருந்து தானே சரியானதைச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அது ரூபெல்லான்னு ஒரு வகை அம்மையா இருக்க வாய்ப்பு ஜாஸ்திம்மா. மாசமா இருக்கறப்ப வந்தா கொழந்தையோட காதையும் இதயத்தையும் தொடும். இத்தன வருஷம் கழிச்சு நிச்சயமா அதான்னு நான் சொல்ல முடியாது. சொந்தத்துல கட்டினதாலயும் வரலாம். ஆனா அந்த அம்மைதான் காரணம்னா, இந்தக் கொழந்தைக்கு அப்படி வரணும்னு இல்ல. பொறந்த ஒடனே காதை டெஸ்ட் பண்ணிப் பாத்துடுவோம்."

அத்தை அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "ஆஸ்பத்திரிக்குப் போவாதன்னு நான்தானே சொன்னேன்" என்றார்.

"வந்திருந்தாலும் அப்ப அதுக்கு மருந்து இல்லம்மா. கல்யாணத்துக்கு முன்னாலயே ஊசி போட்டிருக்கணும். ஆனா நீங்க சொல்லியிருந்தா, பொறந்ததும் காதைப் பாத்திருப்போம். மூணு வயசு வரைக்கும் விட்டிருக்க மாட்டோம்."

திரும்பி வரும் பஸ்ஸில் அத்தை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே வந்தார். புதுச்சத்திரம் தாண்டும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். ரத்தம், பாவம் என்ற பேச்சு அன்றோடு எங்கள் வீட்டில் நின்றது. அதுவே ஒரு பெரிய பதில்தான். ஆனால் எனக்குப் போதவில்லை. எனக்குக் காது கேட்கிற பிள்ளை வேண்டும். அன்று சாயங்காலமும் அதே படம், அதே வேண்டுதல்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் சிதம்பரத்திலேயே பையன் பிறந்தான். நன்றாகக் கத்தினான். வீட்டுக்கு அனுப்பும் முன்னால் காதில் ஒரு சின்னக் குமிழை வைத்துச் சோதித்தார்கள். சோதித்த பெண் மறுபடி வைத்துப் பார்த்தாள். பிறகு, "சரியா வரலம்மா. காதுல தண்ணி நின்னாக்கூட இப்படி காட்டும். பயப்படாதீங்க. வேற மிஷின்ல இன்னொரு டெஸ்ட் இருக்கு, சில வாரம் கழிச்சு வாங்க" என்றாள்.

பயப்படாதீங்க என்று சொன்னால் பயம் போய்விடுமா? அந்த வாரங்களை எப்படிக் கடத்தினேன் என்று எனக்கே தெரியாது. பால் கொடுக்கும்போது பிள்ளையின் முகத்தைப் பார்க்க மாட்டேன். காதைத்தான் பார்ப்பேன். ஊரே குடில் கட்டி நட்சத்திரம் தொங்கவிட்டபோது எங்கள் வீட்டு வாசல் இருட்டாகக் கிடந்தது. அந்தோணி வெளித் திண்டில் போய் உட்கார்ந்துகொள்வார். மாதாவிடம் கோபித்துக்கொண்டேன். இவ்வளவு கெஞ்சினேனே, காது கேட்காதது என் பிள்ளைக்கா உனக்கா என்று கேட்டேன்.

ஒரு மத்தியானம் பையன் தூளியில் தூங்கிக்கொண்டிருந்தான். நான் எவர்சில்வர் தட்டை எடுத்துக் கரண்டியால் ஓங்கி அடித்தேன். அவன் அசையவில்லை. மறுபடி அடித்தேன். அப்போதும் அசையவில்லை. தட்டைப் போட்டுவிட்டு மாதா படத்துக்கு முன்னால் விழுந்தேன். என்ன கேட்பது, கேட்டு என்ன ஆகப்போகிறது என்று வாயை மூடிக்கொண்டு கிடந்தேன்.

அன்று ஸ்டெல்லாவுக்குப் பள்ளி விடுமுறை. அவள் வந்து எனக்கும் படத்துக்கும் நடுவில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். என் முகவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். என் வாய் தெரியவேண்டும் என்றால் அவள் அப்படித்தான் செய்வாள். எத்தனையோ மாதமாக அவள் அதைச் செய்யவில்லை. பிறகு தன் உடைந்த குரலாலும் கையாலுமாகச் சொன்னாள்.

"கேளும்மா. என்னை மாதிரி வேணாம்னு கேளு. நானும் கேக்கறேன். தம்பி, என்னை மாதிரி வேணாம்."

சொல்லிவிட்டு, படத்தைப் பார்த்துக் கையைக் கூப்பினாள்.

அவளுக்குப் பள்ளியில் உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ளச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அத்தைக்குக் கேட்கக்கூடாது, தெருவுக்குக் கேட்கக்கூடாது என்று சத்தத்தை மறைத்தேன். சத்தம் தேவையே இல்லாத ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து பாஸ்காவிலிருந்து தினமும் பார்த்திருக்கிறாள். பெரியவளை மாதிரி வேண்டாம் என்று பெற்ற தாய் சாமியிடம் கெஞ்சியதை ஒரு நாள் விடாமல் பார்த்திருக்கிறாள்.

நான் கதறி அழுதேன். அவளைக் கட்டிப்பிடிக்கப் போனேன், கட்டிப்பிடித்தால் அவளால் என் வாயைப் பார்க்க முடியாது என்று தள்ளி உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்த சைகை கொஞ்சம்தான். அன்று முதன்முதலாகக் கையால் செபம் செய்தேன். ஸ்டெல்லா, நல்ல பிள்ளை, என் பிள்ளை. தம்பி ஸ்டெல்லா மாதிரி வந்தாலும் சந்தோஷம். முழு மனதோடு சொன்னேனா என்று கேட்டால், பாதி மனதோடுதான் சொன்னேன். மீதியை நீயே போட்டுக்கொள் தாயே என்று விட்டுவிட்டேன். ஸ்டெல்லா நான் தப்பாகக் காட்டின ஒரு சைகையைத் திருத்தினாள். அன்று சாயங்காலம் டப்பாவைத் திறந்து காது மிஷினை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

பொங்கல் கழித்துச் சிதம்பரம் போனோம். தூங்க வைத்துத் தலையில் வயர் ஒட்டிப் பார்த்தார்கள். ஸ்டெல்லா என் பக்கத்தில் நின்றாள். நான் அவள் கையைப் பிடித்திருந்தேன். டாக்டரம்மா வெளியே வந்து, "ரெண்டு காதும் நல்லா கேக்குதும்மா" என்றார். அந்தோணி சுவரில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். கல்யாணமாகி அவர் அழுது நான் பார்த்ததில்லை.

நான் ஸ்டெல்லாவின் பக்கம் திரும்பிச் சொன்னேன். அவள் நம்பவில்லை. தம்பி கண் விழித்ததும் அவன் காதுக்குப் பக்கத்தில் போய்க் கையைத் தட்டினாள். அவன் உடம்பு தூக்கிவாரிப்போட, வீலென்று அழுதான். அவள் தன் கையைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள், சிரித்தாள். தன் கையிலிருந்து சத்தம் வருகிறது என்பதை அவள் அன்றுதான் பார்த்தாள்.

ஆண்டவருக்கும் மாதாவுக்கும் கோடி நன்றி. தம்பிக்குக் காது கொடுத்ததற்கு நன்றி. அதற்கு முன்னாலேயே எனக்குக் கண் கொடுத்ததற்கு அதைவிட நன்றி. இப்போது எங்கள் வீட்டில் சாயங்கால செபம் வாயாலும் கையாலும் நடக்கிறது. அந்தோணியும் அத்தையும்கூடக் கற்றுக்கொள்கிறார்கள். அத்தை கையை ஆட்டுவதைப் பார்த்தால் ஈ ஓட்டுகிற மாதிரி இருக்கும். ஸ்டெல்லா விழுந்து விழுந்து சிரிப்பாள்.

அக்கா தங்கச்சிகளே, கல்யாணத்துக்கு நிற்கும் உங்கள் பெண்களுக்கு அந்த ஊசியைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். அம்மை போட்டால் வேப்பிலையும் வையுங்கள், ஆஸ்பத்திரியிலும் சொல்லுங்கள். எந்தக் கஷ்டத்திலும் தாயின் காலைப் பிடியுங்கள், அவள் விடமாட்டாள். ஆனால் உங்கள் வீட்டில் காது கேட்காத பிள்ளை இருந்தால், கண்ணை மூடிக்கொண்டு செபம் செய்யாதீர்கள். அதன் முகத்தைப் பார்த்துச் செபம் செய்யுங்கள். அது உங்கள் உதட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்.