தோடு கழற்றியதைப் பார்த்தவர்கள்

எங்கள் தெருவில் ஒரு பொம்பளை செத்துப்போனால் குளிப்பாட்ட என்னைக் கூப்பிடுவார்கள். என் கையில் ஒரு ராசியும் இல்லை. நான் வாய் திறக்கமாட்டேன், அதுதான் காரணம். செத்த உடம்பில் என்ன புண், என்ன அழுக்கு என்று பார்த்ததை வெளியில் போய்ச் சொல்லாதவள் வேண்டும். பள்ளிக்கூடத்தில் அஞ்சாவது வரை படித்தேன். அங்கேயும் டீச்சர் கேட்ட கேள்விக்குப் பதில் தெரிந்தாலும் எழுந்து நிற்கமாட்டேன். ஆம்பளைகள் நடுவில் என் குரல் எப்படி இருக்கும் என்று எனக்கே தெரியாது. அடக்கமானவள் என்று ஊர் சொன்னது. நானும் அதை நம்பிக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊர் புதுச்சேரியில் பாகூர் கொம்யூனைச் சேர்ந்தது. எதிர் வீட்டு அக்காவுக்குக் கரும்பும் நெல்லும் விளைகிற நிலம். புருஷன் போய் ரொம்ப நாள் ஆகிவிட்டது. மகன், மருமகளோடு இருந்தாள். ஒருநாள் காலையில் மருமகள் ஓடிவந்தாள்.

"பெரிமா, அத்த தோட்டத்துல வழுக்கி வுழுந்துட்டாங்க. மூச்சே இல்ல பெரிமா."

போய்ப் பார்த்தேன். போர் குழாய் பக்கத்தில், துணி துவைக்கிற கல்லுக்குக் கீழே கிடந்தாள். அங்கே எப்போதும் பாசி இருக்கும். அன்று விடிகாலையில் காலனி ஆள் ஒருவன் வந்து தேங்காய் பறித்துவிட்டுப் போயிருந்தான். பறித்த காய்கள் குவியலாகக் கிடந்தன. வழுக்கி விழுந்துவிட்டாள் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். தாடையையும் கால் கட்டைவிரல்களையும் கட்டினோம். அங்கேயே ரெண்டு பேர் புடவையை மறைப்பாகப் பிடிக்க, நான் தலைக்குச் சீயக்காய் போட்டேன். பின்மண்டையில் என் விரல் இறங்கியது. ஒரு இடம் இல்லை, ரெண்டு இடம்.

புடவை பிடித்திருந்தவள் அக்காவின் ஓரகத்தி. அவளிடம் மெதுவாகச் சொன்னேன்.

"ரெண்டு எடத்துல ஒடஞ்சிருக்குது."

"வாய மூடு. போலீசு வந்தா அறுத்து, மூட்ட மாதிரி தச்சிக் குடுப்பான். அந்தக் கண்றாவிய பாக்கணுமா ஒனக்கு?"

மூடிக்கொண்டேன். மூடுவது எனக்குப் பழக்கம்தானே.

எங்கள் பக்கத்தில் பொட்டுத் தங்கம்கூட பிணத்தோடு போகக் கூடாது. தாயின் நகை மகளுக்கு. மகள் வந்து அவள் கையால் கழற்றுவாள். அக்காவின் மகளைச் செலியமேட்டில் கொடுத்திருந்தார்கள். அவளுக்குத் தகவல் போயிருந்தது, இன்னும் வந்து சேரவில்லை. ஆனால் மருமகள் நகையைக் கழற்ற உட்கார்ந்துவிட்டாள். மறைப்பின் இன்னொரு முனையைப் பிடித்திருந்தவள் மூலை வீட்டுக்காரி. அவள் கேட்டாள்.

"நாத்தனா வரட்டுமே, இன்னா அவசரம்?"

"கூட்டத்துல தொலஞ்சி போனா யாரு ஜவாபு? நீயா?"

மூக்குத்தி சோப்பு நுரையில் வந்துவிட்டது. ஏழு கல் தோட்டின் திருகு வரவில்லை. நாள்பட்ட அழுக்கு இறுகிப்போய் இருந்தது. மருமகள் குனிந்தாள். செத்தவளின் காதருகே வாயை வைத்து, திருகைப் பல்லால் கடித்துத் திருப்பினாள். காது மடல் இழுபட்டு, விட்டதும் திரும்பிப் போனது. கடித்த அழுக்கைப் பக்கத்தில் துப்பினாள். மூக்குத்தியையும் ரெண்டு தோட்டையும் முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அவள் வீட்டில் அப்புறம் எது கொடுத்தாலும் என் தொண்டையில் இறங்குவதில்லை. அதற்காக நான் வாங்காமல் இருந்ததும் இல்லை.

நெற்றியில் விபூதி பூசி, ஒரு ரூபாய்க் காசு ஒட்டி, கூடத்தில் கிடத்தினோம். மகள் வந்தாள். தாயின் மேல் விழுந்து அழுதாள். அழுதுகொண்டே அவள் கை தாயின் காதுக்குப் போனது.

"எங்கம்மா தோடு எங்க?"

"நாங்க பாக்கும்போதே இல்லியே அண்ணி."

மருமகள் இதைச் சொன்னது நாத்தனாரிடம். அவளுக்குத் தோட்டைக் கொடுக்காமல் இருப்பதற்காக மட்டும் சொன்ன பொய். அதற்குள் மகளின் கை தாயின் பின்மண்டையைத் தொட்டுவிட்டது. வீடே அதிரக் கத்தினாள்.

"அடிச்சிக் கொன்னுட்டு நகைய அறுத்துக்கினு போயிட்டான்டா! எவன்டா அவன்?"

ஓரகத்தி கூரையைப் பார்த்தாள். மூலை வீட்டுக்காரி தன் விரல் நகத்தைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அவ்வளவு அருமையான ஒற்றுமை எங்கள் தெருவில் அதற்கு முன் நான் கண்டதில்லை.

போலீஸ் வந்தது. ஈரத் தலையோடு, நெற்றிக் காசோடு படம் எடுத்தார்கள். காலையில் யார் வந்தது என்று கேட்டார்கள். தேங்காய் பறிக்கிறவன் என்று நாலு வாய் சேர்ந்து சொன்னது. அவன் அன்று மத்தியானமே பெண்டாட்டியின் தோட்டைக் கொண்டுபோய் அடகு வைத்திருந்தான். அடகுக் கடையிலிருந்து அதை எடுத்துவந்து அக்காவின் மகனிடம் காட்டினார்கள். அது ஒற்றைக் கல் தோடு. கண் தெரிகிற யாரும் ஏழு கல் என்று சொல்லமாட்டார்கள். "எங்கம்மாவுதுதான்" என்றான் மகன். பெண்டாட்டி சொல்லிக்கொடுத்தாளா, தாய் காதில் என்ன போட்டிருந்தாள் என்று ஒரு நாளும் பார்க்காத பிள்ளையா, எனக்குத் தெரியாது. மகளும் அதைப் பார்த்தாள். "கல்ல மாத்திட்டிருப்பான்" என்று சொல்லிவிட்டாள். கொன்றவன் ஒருவன் வேண்டும் அவளுக்கு.

வழக்கு நடந்தபோது என்னையும் சாட்சிக்கு அழைத்தார்கள். கூண்டில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். சத்தமாகப் பேசச் சொல்லி ரெண்டு தரம் அதட்டினார்கள். சர்க்கார் வக்கீல் கேட்டார்.

"போலீஸ் வந்தப்ப பிணத்து மேல நகை இருந்துதா?"

"இல்ல."

பொய் இல்லை. போலீஸ் வந்தபோது நகை இல்லைதான். எதிர்த் தரப்பு வக்கீல் என்னைக் குறுக்கே ஒன்றும் கேட்கவில்லை. நான் இறங்கினேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்த தேங்காய்க்காரன் என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்க்கவில்லை, இந்த அம்மாவாவது ஏதாவது சொல்லுமா என்று பார்த்தான். கொலைக்கு ஆயுள் தண்டனை, நகை திருடியதற்குத் தனியாகத் தண்டனை என்று தீர்ப்பு வந்தது. அன்று சாயங்காலம் எங்கள் தெருவில் டீக்கடை வரைக்கும் ஒரே பேச்சு. "காலனிப் பய, பாத்தாலே தெரியும்" என்றார்கள். பார்த்தே கண்டுபிடித்தவர்களுக்கு அவன் பறித்துப்போட்ட காய் மட்டும் இத்தனை வருஷமாக இனித்தது.

அவன் அடிக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. யார் அடித்தது, அடித்தார்களா, விழுந்தாளா, எனக்குத் தெரியாது. நகையை அவன் எடுக்கவில்லை. அதுமட்டும் தெரியும். நகைக்காகத்தான் கொன்றான் என்று தீர்ப்பு சொன்னது.

அடுத்த வருஷம் மருமகளின் பெண் பெரியவளானாள். பந்தல் போட்டு, மைக் செட் வைத்து மஞ்சள் நீராட்டு. பெண்ணின் காதில் புது ஜிமிக்கி ஆடியது. தோட்டை உருக்கிச் செய்தது என்று ஓரகத்தி என் காதில் சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் வெட்கம் இருக்கும் என்று பார்த்தேன். "டிசைன் நல்லாக்கீது இல்ல?" என்றாள். மறைப்பு பிடித்தவர்கள், குளிப்பாட்டியவள், பல்லால் கடித்தவள், நாலு பேரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தோம். வடை, பாயசம் எல்லாம் வந்தது. எழுந்து வந்தேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. எழவில்லை. இலையை மடித்துவிட்டுத்தான் வந்தேன்.

சென்னை ஐகோர்ட்டில் அப்பீல் போட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். சில வருஷம் கழித்து ஒருநாள் நான் நெத்திலி ஆய்ந்துகொண்டிருக்கும்போது, சின்ன வயசு வக்கீலம்மா ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். தேங்காய்க்காரன் பெண்டாட்டி கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள். உள்ளே வா என்று நான் கூப்பிடவில்லை. இதையும் எழுதத்தான் வேண்டும்.

வக்கீலம்மா போலீஸ் எடுத்த படத்தைக் காட்டினாள்.

"ஆயா, தல ஈரமா இருக்குது. நெத்தியில காசு இருக்குது. போலீஸ் வர்றதுக்கு முன்னாடியே குளிப்பாட்டியிருக்கீங்க. யாரு குளிப்பாட்டுனது?"

"நான்தான்."

"எங்க பாட்டி செத்தப்ப குளிப்பாட்டுறதுக்கு முன்னாடி நகைய கழட்டுனாங்க. இங்க யாரு கழட்டுனாங்க?"

மீன் நாற்றத்தோடு கையைப் புடவையில் துடைத்தேன். கேட்டுக்கு வெளியே நின்றவள் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் காதில் தோடு இல்லை, ஈர்க்குச்சி செருகியிருந்தது.

"மருமக. பல்லால கடிச்சிக் கழட்டுனா" என்றேன்.

"இத கோர்ட்ல சொல்லுவீங்களா?"

தலையை ஆட்டினேன். ஆட்டியது போதாது என்று அவள் மறுபடி கேட்டாள். "சொல்றன்" என்று சொல்லவைத்துவிட்டுத்தான் போனாள்.

கொஞ்ச நாளில் உத்தரவு வந்தது. புதுச்சேரி கோர்ட்டிலேயே என்னை மறுபடி விசாரித்து, நான் சொன்னதை மேல் கோர்ட்டுக்கு அனுப்ப வேண்டுமாம். தெருவுக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்கே மருமகள் சுறாப்புட்டு செய்து தூக்கில் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"பெரிமா, ஒங்களுக்குப் புடிக்குமேன்னு செஞ்சன்."

"வெச்சிட்டுப் போ."

"இன்னா பெரிமா, வயசாயிடிச்சி, கண்ணும் செரியா தெரியாது. எவளோ வந்து கேட்டான்னு ஒளறிடாதீங்க. நம்ம பொம்பளய நாமளே காட்டிக் குடுத்துட்டு, காலனியில போயி இன்னா மருவாத வாங்கப் போறோம்?"

"அவன் உள்ள கெடக்கறான்டி."

"அவன் நெருப்புல வேவறானா? மூணு வேள சோறு போடறாங்க. வெளிய இருந்தாகூட அவனுக்கு அது கெடைக்காது." சொல்லிவிட்டுச் சிரித்தாள். முன்பல் ரெண்டும் தெரிந்தது. அவள் போனதும் சுறாப்புட்டைக் கோழிக்குப் போட்டேன்.

ஓரகத்தியையும் மூலை வீட்டுக்காரியையும் கூட வரும்படி கேட்டேன். நான் போய்ப் பேசிக் கேட்டது அதுதான் முதல் தடவை. ஓரகத்திக்கு அன்றைக்கு மூட்டு வலி வந்துவிட்டது. மூலை வீட்டுக்காரி, "நான் பொடவய புடிச்சிக்கினு அந்தாண்ட பாத்துக்கினு இருந்தன் அக்கா, ஒண்ணும் பாக்கல" என்றாள். தாலி மேல் அடித்துச் சத்தியம் வேறு செய்தாள்.

கோர்ட்டில் தேங்காய்க்காரனையும் கொண்டுவந்திருந்தார்கள். முடி நரைத்திருந்தது. கண்டதைச் சொன்னேன். முந்தானையை வாயில் வைக்காமல் இருக்க அதை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டேன். சர்க்கார் வக்கீல் எழுந்தார்.

"இத்தனை வருஷம் ஏம்மா சொல்லல?"

"யாரும் கேக்கல."

அது வெறும் சாக்கு என்று சொன்ன உடனே எனக்கே தெரிந்தது. அவரும் விடவில்லை. "யாரும் கேக்கலன்னா ஒருத்தர் ஜெயில்ல கிடக்கறத பாத்துக்கிட்டு சும்மா இருப்பீங்களா?"

"இருந்தன்" என்றேன். "அந்தத் தெருவுலதான் நான் இருக்கணும். அதான் இருந்தன்."

அதையும் டைப் அடித்துக்கொண்டார்கள்.

ஐகோர்ட்டில் அவனை விடுதலை செய்துவிட்டார்கள். நகை திருடிய கதை நிற்கவில்லை, அது போனால் கொலைக்கும் அவனைச் சேர்க்க ஒன்றும் இல்லை என்று வக்கீலம்மா போனில் விளக்கினாள். இப்போது தெருவில் வேறு பேச்சு. "அவன் நல்லவன்னு அப்பவே எனக்குத் தெரியும்" என்கிறாள் ஓரகத்தி. மருமகள் என்னோடு பேசுவதில்லை, வாசலில் என்னைக் கண்டால் காறித் துப்புகிறாள். நாத்தனாருக்கும் அவளுக்கும் மட்டும் ஜிமிக்கிக்காகச் சண்டை நடக்கிறது. செத்தவளை அடித்தது யார் என்று அந்த வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை.

போன மாதம் வில்லியனூருக்குப் போகிற பஸ்ஸில் தேங்காய்க்காரன் பெண்டாட்டி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வேறு சீட் இல்லை.

"வூட்டுக்காரரு எப்படி இருக்காரு?" என்று நான்தான் கேட்டேன்.

"வந்துட்டாரு ஆயா. அவ்ளோதான். எம் பொண்ணு கண்ணாலத்துக்கு ஒரு நாள் வுடுங்கன்னு கேட்டோம், வுடல. எந்தம்பி நின்னு தார வாத்தான். அத யாரு திருப்பிக் குடுப்பா?"

பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டேன்.

"நீங்க நல்லவங்கன்னு வக்கீலம்மா சொன்னாங்க. நான் அப்படிச் சொல்லமாட்டன். நீங்க மொத தடவ கூண்டுல ஏறுனப்ப நான் பின்னால ஒக்காந்திருந்தன். தெரிஞ்சிதான் மறைக்கறீங்கன்னு ஒங்க மூஞ்சிய பாத்தே எனக்குத் தெரிஞ்சிது. அன்னிக்குச் சொல்லியிருந்தா அன்னிக்கே வூட்டுக்கு வந்திருப்பாரு."

குரலை உயர்த்தவில்லை. திட்டவும் இல்லை. அவள் நிறுத்தம் வந்ததும் கூடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

அவள் சொன்னது சரிதான் என்று அவள் இறங்குவதற்குள்ளாவது நான் வாய் திறந்து சொல்லியிருக்கலாம். முன் சீட்டில் எங்கள் தெரு ஆம்பளைகள் ரெண்டு பேர் இருந்தார்கள். அதனால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.