பாலக்கோட்டில் வாங்கிய ரிசல்ட்

ரேடியோவில் ‘தேர்வு முடிவுகள்’ என்று சொல்வார்கள். எங்கள் ஊரில் அதை யார் சொன்னார்கள்? லாட்டரியானாலும், எலெக்‌ஷனானாலும், ஆஸ்பத்திரியில் டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தாலும் எல்லாம் ரிசல்ட்தான். அது எங்கிருந்தோ வரும், நாம் போய் வாங்கிக்கொண்டு வர வேண்டும். அப்பாவுக்கு இந்த விஷயத்தில் சந்தேகமே இல்லை.

என் பத்தாம் வகுப்பு ரிசல்ட்டுக்காக என்னைவிட ஆவலாகக் காத்திருந்தவர் அம்மாவின் தம்பி. நான் ஃபெயிலானால் ஆவணியில் எனக்கும் அவருக்கும் கல்யாணம். மனிதர் அதற்குள் புதுச் செருப்புகூட வாங்கிவிட்டார். எனக்கோ கணக்குப் பரீட்சையில் நம்பிக்கையே இல்லை.

ரிசல்ட் அன்று அப்பா என்னை விடியற்காலை முதல் பஸ்ஸில் பாலக்கோட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். எங்கள் தோட்டத்துத் தக்காளியை முதல் வண்டியில் கொண்டுபோனால்தான் மண்டியில் நல்ல விலை கிடைக்கும். ரிசல்ட்டும் அப்படித்தான் என்பது அவர் கணக்கு. பேப்பர் கடைக்காரருக்கென்று ஒரு பை நிறைய நாட்டுத் தக்காளி வேறு.

பேப்பரைப் பிரித்தேன். எனக்கு முந்தைய நம்பர் இருந்தது, பிந்தைய நம்பரும் இருந்தது. என் நம்பர் இல்லை. நடுக்கடையில் நின்று அழுதேன். மாமாவின் புதுச் செருப்புதான் கண்ணுக்குள் வந்து வந்து போனது.

அப்பா பேப்பரை வாங்கி, சொத்தைத் தக்காளியைத் திருப்பித் தருவதுபோல் கடைக்காரரிடம் நீட்டினார்.

“இது வேணாங்க. வேற பேப்பரு குடுங்க.”

கடைக்காரர் சிரித்தார். எந்தப் பேப்பரில் பார்த்தாலும் ரிசல்ட் ஒன்றுதான் என்று பொறுமையாக விளக்கினார். அப்பா அசையவில்லை. மண்டியில் முதலில் சொல்லும் விலைக்குச் சரக்கைக் கொடுத்துவிட்டு வந்ததாக அவர் சரித்திரத்திலேயே கிடையாது. தொல்லை தாங்காமல் கடைக்காரர் வேறொரு கம்பெனிப் பேப்பரை எடுத்துப் போட்டார்.

அதில் என் நம்பர் இருந்தது. முதல் பேப்பரில் அச்சடிக்கும்போது விட்டுப் போயிருக்கிறது. கடைக்காரர் இரண்டையும் மாறிமாறிப் பார்த்தார். அப்பா மட்டும் ஆச்சரியப்படவே இல்லை.

திரும்பும் பஸ்ஸில் அந்தப் பேப்பரை விரித்து என் நம்பரை இன்னொரு முறை பார்த்துக்கொண்டேன். ரெண்டாவது பேப்பரிலும் இல்லாமல் போயிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று அவரைக் கேட்டேன்.

அப்பா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னார்:

“தருமபுரிக்குப் போயிருப்போம் கண்ணு. அங்கயும் இல்லீன்னா சேலத்துக்கு பஸ் இருக்குதே.”