பெட்டிக்கு வைத்த பொட்டு

ஜேர்மனியின் ஹம் நகரில் எங்கள் தொழிற்சாலை செய்யும் வால்வுகளை, அமெரிக்காவில் அக்கா வேலைசெய்த தொழிற்சாலையில்தான் பம்புகளில் பூட்டினார்கள். விஜயதசமியன்று கருவிகளுக்குச் சந்தனம் வைக்கும் நம் வழக்கப்படி, அங்கே போகும் ஒரு பெட்டிக்கும் ஆண்டுதோறும் பொட்டு வைப்பேன். அது போய்ச் சேர்ந்ததும் அக்கா அழைப்பாள்: "பொட்டு வந்திட்டுதடி!"

பிறகு அமெரிக்கா இறக்குமதிக்கு வரியைக் கூட்டியது. அங்குள்ள தொழிலாளரைக் காப்பாற்றவாம். அந்த விலைக்கு வால்வு வாங்கிக் கட்டுப்படியாகாமல் அவளது தொழிற்சாலை ஆட்களைக் குறைத்தபோது, முதலில் வேலை போனது அக்காவுக்குத்தான். அங்கே வாங்குவது நின்றதால் இங்கே எனக்கு வேலை நேரம் பாதியானது.

இந்த விஜயதசமிக்கு அக்கா வீடியோவில் வந்தாள்.

"பொட்டு வைச்சிட்டியோ?"

"அங்கை போற பெட்டி ஒண்டும் இல்லையே அக்கா."

அவள் நெற்றியைத் திரைக்கு அருகே கொண்டுவந்தாள். "அப்ப இஞ்சை வை."

சந்தன விரலைத் திரையில் வைத்தேன். அவள் முகம் மறைந்தது. குரல் மட்டும் கேட்டது.

"வந்திட்டுதடி."