சூடாகாத வண்டி

மட்டாஞ்சேரியில் பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் அவருடைய பெயரை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. ஒல்லியான தமிழர், நரைத்த மீசை எப்போதும் நனைந்திருக்கும். எந்த ரேடியேட்டரையும் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, ஒரு துளையை உள்ளங்கையால் அடைத்து, மறு துளையில் ரப்பர் குழாயைச் செருகி வாயாலேயே ஊதுவார். முகம் தண்ணீரில் படுமளவுக்குக் குனிந்து பார்ப்பார். ஒரு குமிழி வந்தாலும் விற்கமாட்டார்.

அறுபது வருடப் பழைய என் காருக்கு ரேடியேட்டர் தேடிப் போனேன். காக்கநாட்டில் ஓர் ஓட்டல்காரர் அந்தக் காரை விலை பேசியிருந்தார். பானெட்டைத் திறந்து வரவேற்பறையில் காட்சிக்கு நிறுத்தப்போகிறாராம்; ஒரு பாகமும் குறையக் கூடாது என்றார்.

“ஓடற வண்டிக்குத்தானே சாரே? காட்சிக்கு வைக்கறதுக்குன்னா தரமாட்டேன்.”

“தினமும் ஓட்டறேன் அண்ணே,” என்றேன்.

கடையில் அந்த மாடலுக்கு இல்லை. சற்று யோசித்தவர், பின்னால் நின்ற தன் சொந்தக் காரின் பானெட்டைத் தூக்கினார். அதே மாடல். நான் தடுத்திருக்கலாம்.

“எனக்கு வீடு இங்க அடுத்துதானே, நடந்துக்கலாம். உங்க வண்டி நிக்கப்படாது,” என்று கழற்றி, அதையும் மூன்று முறை ஊதிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்.

போன வாரம் படகுத்துறையில் என்னைப் பார்த்ததும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது.

“சாரே, வண்டி சூடாகுதா?”

“இல்லை அண்ணே. கொஞ்சமும் சூடாகலை.”

முகம் மலர்ந்துவிட்டது. “அது மதி, அது போதும் சாரே,” என்று வெயிலில் நடந்து போனார்.

இந்த முறை நான் பொய் சொல்லவில்லை. அந்த வரவேற்பறையில் நாள் முழுக்க ஏசி ஓடுகிறது.