நாலாவது பாட்டில் ஒரு கவுளி

கௌசிக் ஆறாம் வகுப்பிலிருந்து என்னோடு படித்தவன். எருமப்பட்டிக்கு மேற்கே முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறான். அவன் கோழிகளுக்குத் தீவனம் போவது என் கடையிலிருந்து. அதனால் அவனைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. குடி கிடையாது, சீட்டு கிடையாது, மாடாக உழைப்பான். ஒரே ஒரு கோளாறு. யார் எதைச் சொன்னாலும் அதை இன்னொருவரிடம் கேட்டுச் சரிபார்க்காமல் அவனுக்குச் சோறு இறங்காது. போன வருடம் அவன் மனைவி பிரவீனா அவனோடு இருப்பாளா, போய்விடுவாளா என்கிற இடத்துக்கு அது கொண்டுவந்து விட்டது. எங்கள் பக்கத்தில் எல்லோரும் அவள் போட்ட பாட்டு ஆல்பத்தின் மேல்தான் பழியைப் போடுகிறார்கள். அப்படிப் பேசுகிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது.

பத்தாம் வகுப்புப் பரீட்சையில் கேள்வித்தாளைக் கொடுத்ததும் நாங்களெல்லாம் தலையைக் குனிந்து எழுத ஆரம்பித்தோம். இவன் மட்டும் எழுந்து நின்று, "சார், இது இந்த வருசத்துக் கேள்விதானுங்களா?" என்று கேட்டான். அப்போது சிரித்தோம். பிறகு ஒரு வருடம் சுற்றுப்பக்கப் பண்ணைகளிலெல்லாம் கோழிக்கு நோய் வந்தது. கௌசிக் கேட்டில் மருந்துத் தண்ணீர்த் தொட்டி கட்டி, வந்த லாரியையெல்லாம் நிறுத்தி டயர் டயராகப் பார்த்தான். என்னையே செருப்பைக் கழற்றச் சொல்லிக் காலைக் கழுவ வைத்தான். அவன் பண்ணையில் நோய் நுழையவில்லை. "இருந்தா கௌசிக்கு மாதிரி உசாரா இருக்கோணும்" என்று ஊரே சொன்னது. அந்தப் பாராட்டில்தான் பயல் உருப்படாமல் போனான்.

பிரவீனா சேந்தமங்கலத்துப் பெண். பெண் பார்க்கப் போனபோதே, தான் கிதார் வாசிப்பதாகவும் சொந்தமாகப் பாட்டு எழுதுவதாகவும் ஒளிக்காமல் சொன்னாள். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தவன், அவளோடு கல்லூரியில் படித்த பெண்ணைத் தேடிப்பிடித்து அது உண்மைதானா என்று கேட்டான். கல்யாணத்துக்குப் பிறகும் இதே கதை. டெய்லரிடம் போகிறேன் என்று அவள் கிளம்பினால், கொஞ்ச நேரத்தில் டெய்லருக்கு போன் போகும். தலைவலி என்று படுத்தால், காலையில் நன்றாகத்தானே இருந்தாள் என்று தன் அம்மாவிடம் விசாரிப்பான். அவளுக்கு வேறு ஆள் இருக்கிறது என்றெல்லாம் அவன் நினைத்ததில்லை. அப்படி ஒரு காரணம் இருந்திருந்தால்கூட அவளுக்குச் சண்டை போட வசதியாக இருந்திருக்கும். அவள் சொன்னாள் என்பது மட்டும் அவனுக்குப் போதவில்லை, அவ்வளவுதான். அவள் வாய்விட்டுக் கேட்டும் பார்த்தாள், அழுதும் பார்த்தாள். பிறகு பாட்டு எழுதினாள்.

பழைய கோழிகளைக் கழித்து அனுப்பிவிட்டு, ஷெட்டைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்து, புதுக் குஞ்சு வரும்வரை சும்மா போட்டு வைப்பது பண்ணை வழக்கம். அந்த நாட்களில்தான் அங்கே சத்தம் இருக்காது. பிரவீனா அதைப் பயன்படுத்திக்கொண்டாள். முட்டை அடுக்கும் அறையில் சுவர் முழுக்கக் காகித முட்டைத் தட்டுகளை ஒட்டி, ஒரு ஸ்டூலைப் போட்டு, எதிரே போனை நிறுத்தி, மத்தியான வேளைகளில் பாடிப் பதிவு செய்தாள். அவள் குரலும் கிதாரும் மட்டும். சேலத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் ஒருவர் கேட்டுவிட்டு, தபேலாவும் கீபோர்டும் சேர்த்துத் தருகிறேன் என்றாராம். "வேண்டாமுங்க, இது இப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள். ஆறு பாட்டு. இணையத்தில் அவளே ஏற்றினாள்.

எனக்குத் தீவனம் தெரியும், பாட்டு தெரியாது. ஆனாலும் அன்று கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஆறையும் கேட்டேன். கம்பியில் விரல் வழுக்குவது கேட்கிறது. வரிக்கு முன்னால் அவள் மூச்சு இழுப்பது கேட்கிறது, ஸ்டூல் முனகுவது கேட்கிறது. நம் பக்கத்தில் உட்கார்ந்து நம்மிடம் மட்டும் சொல்வது போல இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வாங்க வந்தவர்களிடம் தவிட்டுத் தூசி என்று சமாளித்தேன்.

அன்று சாயங்காலமே கௌசிக் ஹெட்போனோடு வந்து நின்றான்.

"டேய் அருணகிரி, இதைக் கேளு. கீழே ஒரு கிதாரு தும்தும்னு போவுது, மேல ஒன்னு வேற ராகம் வாசிக்குது. இது ஒரு ஆளு வேலையாடா? கூட யாரோ உக்காந்திருக்காங்க."

"உன்ர ஊட்டுக்காரியவே கேளு."

"கேட்டேன். நாந்தான் வாசிச்சேங்கறா."

"அப்புறம் என்ன?"

"அவ அப்படித்தான் சொல்லுவா."

மறுநாள் அவன் எதிரில் உட்கார்ந்து அவள் வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது. கட்டை விரல் தடித்த கம்பிகளைத் தட்ட, மற்ற விரல்கள் மெல்லிய கம்பிகளில் மெட்டை வாசித்தன. இவன் குனிந்து விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தானாம். முடிந்ததும், "செரி, செரி" என்றானே தவிர, பாட்டு எப்படி இருந்தது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதை என்னிடம் அவனே பெருமையாகச் சொன்னான். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அவன் அம்மா சென்னியம்மாள் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே மருமகள் பாட்டைப் போனில் கேட்கிற பழக்கம். நாலாவது பாட்டு ஓடியது.

கதவுக்குக் கேட்டது, சுவருக்குக் கேட்டது,
உனக்குத்தான் கேட்கல.
சொல்லாமக் கொள்ளாம ஒருநாள்
போயிருவேன்.

அந்த வரி முடிந்து கிதார் ஓய்ந்த இடத்தில், டிக் டிக் டிக் என்று ஒரு பல்லி கத்தியது. வீட்டுச் சுவரில் இல்லை, பாட்டுக்குள். கிழவி சட்டென்று விரலை மடக்கித் தரையைத் தட்டினாள். "கவுளி சொல்லிப்போச்சே சாமி" என்று மகனைக் கூப்பிட்டாள்.

எங்கள் பக்கம் ஒரு பேச்சு முடிகிற நேரத்தில் பல்லி கத்தினால், கவுளி சொல்லிவிட்டது என்போம். சொன்னது பலிக்கும் என்று அர்த்தம். கோயிலில் காத்துக்கிடந்து கவுளி உத்தரவு கொடுத்த பிறகே பெண் எடுக்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். வேதனை என்னவென்றால், கௌசிக் எதிர்க்கேள்வி கேட்காமல் நம்புகிற ஒரே சாட்சி அந்தக் கவுளிதான்.

எந்தத் திசையில் சொன்னது என்று அம்மா கேட்டாள். திசைக்கு ஏற்பப் பலன் மாறும். ஹெட்போனை மாட்டிப் பார்த்தான், இடது காதில் கேட்டது. திருப்பி மாட்டினான், வலது காதில் கேட்டது. எது சரியென்று புரியாமல் முட்டை அறைக்குப் போய், அதே ஸ்டூலில் உட்கார்ந்து, போன் இருந்த இடம் எது, அவள் முகம் எந்தப் பக்கம் என்று கணக்குப் போட்டான். தெற்கு என்று வந்தது. அது ஆகாத திசை என்று அம்மா மறுபடியும் தரையைத் தட்டினாள்.

பிரவீனாவிடம் நேராகக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவள் பாடிப் பார்த்துக் கழித்த பதிவுகள் இருந்த பழைய போனை எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்துவிட்டான். தீவன மூட்டைமேல் உட்கார்ந்து இரண்டு பேரும் கேட்டோம். அந்த நாலாவது பாட்டைப் பல தடவை பாடியிருந்தாள். ஒன்றில் லாரி ஹாரன் குறுக்கே விழுந்தது. ஒன்றில் பல்லியே இல்லை, பாட்டும் சுத்தமாக இருந்தது. இன்னொன்றில், "நீ கூப்பிட்டா திரும்பி வருவேன்" என்று பாட்டின் கடைசியில் வரும் வரிக்கு அடுத்தாற்போல் பல்லி கத்தியது. எனக்கு அது மிகவும் பிடித்துப்போனது.

கௌசிக் முகம் வெளுத்துவிட்டது. "அப்ப இத்தனைலயும் இதைப் பொறுக்கிப் போட்டிருக்கா."

முதல் தடவையாக அவன் சந்தேகத்தில் நியாயம் இருப்பதாக எனக்கும் பட்டது. பிரவீனாவும் இந்த மண்ணில் பிறந்தவள்தான். கவுளிக்கு என்ன அர்த்தம் என்று தெரியாமலா இருக்கும்? "வாடா, போய்க் கேட்டரலாம்" என்று நான்தான் கிளப்பினேன்.

அவள் களத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கௌசிக் கேட்டதும் திரும்பினாள். கோபமில்லை, களைப்புதான் தெரிந்தது.

"ஆமாங்க, பொறுக்கித்தான் போட்டேன். நான் வாயில சொன்னா உங்கம்மாகிட்டக் கேப்பீங்க, டெய்லர்கிட்டக் கேப்பீங்க. கவுளி சொன்னா யாருகிட்டயும் கேக்க மாட்டீங்கன்னு நெனச்சேன். அதையும் ஹெட்போன மாட்டி இடமா வலமான்னு பாத்திருக்கீங்க."

"அப்ப நெசமாவே போயிருவயா?"

அவள் ஈரத் துணியை உதறிக் கொடியில் போட்டாள். "நாளைக்கு அம்மா ஊட்டுக்குப் போறேனுங்க. ஞாயித்துக்கெழம பொழுதோட வந்துருவேன். அது வரைக்கும் எனக்குப் போன் பண்ணக் கூடாது. எங்கம்மாளுக்கும் பண்ணக் கூடாது, ஆள் உட்டும் பாக்கக் கூடாது. நான் வாரேன்னு சொன்னது மட்டுந்தான் உங்களுக்கு. அதை வெச்சுக்கிட்டு இருக்க முடியுமுங்களா?"

"இதென்ன பெரிய விசயம்? முடியும்."

"அருணகிரியண்ணா, நீங்களும் கேட்டுக்கிட்டீங்கல்ல?" என்றாள். என்னையும் சாட்சிக்கு இழுக்கிறாளே என்று இருந்தது. தலையை ஆட்டினேன்.

மறுநாள் அவள் பஸ் ஏறினாள். கிதாரையும் கொண்டுபோனாள். அதைப் பார்த்ததிலிருந்து அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் எனக்கு போன். "நீ சேந்தமங்கலத்துப் பக்கம் தீவனம் எறக்கப் போவீல்ல? அப்படியே அவங்க தெருவுல ஒரு எட்டுப் பாத்துட்டு வா."

"ஆள் உடக் கூடாதுன்னு உம்பட பொண்டாட்டி சொன்னப்ப நானும் பக்கத்துலதான்டா நின்னேன்."

"நீ ஆளாடா? சிநேகிதன்."

அவனை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு போனை வைத்தேன். ரெண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் போதும், பொழைத்துக்கொள்வான் என்று நினைத்தேன். அப்படி நினைத்த நான்தான் மடையன்.

சனிக்கிழமை அவன் என் கடைக்கு வந்தபோது சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. போனும் பண்ணவில்லை, ஆளையும் விடவில்லை, தானே போயிருக்கிறான். மாமியார் வீட்டுக்கு எதிர்ச்சாரியில் புளிய மரத்தடியில் வண்டியை நிறுத்தி, அடையாளம் தெரியக் கூடாது என்று ஹெல்மெட்டைக் கழற்றாமல், கொளுத்துகிற வெயிலில் நின்றிருக்கிறான். உள்ளேயிருந்து கிதார்ச் சத்தம் வந்ததாம். சொன்ன இடத்தில்தான் இருக்கிறாள் என்று நிம்மதியாகி, வண்டியைத் திருப்பப் போன நேரத்தில் கதவு திறந்தது.

ஒரு சொம்புத் தண்ணீரோடு பிரவீனா தெருவைத் தாண்டி வந்தாள். "ஹெல்மெட்டக் கழட்டீட்டுக் குடிங்க" என்றாள். இவன் கழற்றிவிட்டு மடமடவென்று குடித்தான். அவள் சொம்பை வாங்கிக்கொண்டாள்.

"நாளைக்கு வந்திருப்பேனுங்க. துணியெல்லாம்கூட எடுத்து வெச்சுட்டேன். இனி வரல. நீங்க போங்க."

அவ்வளவுதான் பேசினாளாம். கத்தவில்லை, அழவில்லை. கதவைக்கூடச் சத்தமில்லாமல் சாத்தினாளாம்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு கௌசிக் தீவன மூட்டைமேல் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதான். இத்தனை வருடத்தில் அவன் அழுது நான் பார்த்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தேன். திங்கட்கிழமை நான் போய்ப் பேசுகிறேன், காலில் விழுந்தாவது கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றெல்லாம் ஏதேதோ சொன்னேன். கொஞ்சம் கொஞ்சமாக அழுகை நின்றது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"ஏன்டா அருணகிரி, துணியெல்லாம் எடுத்து வெச்சுட்டேன்னு சொன்னாளே, நெசமா எடுத்து வெச்சிருப்பாளா? அவங்கம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கறயா?"