பன்னிரண்டடி வண்டி

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு தை மாதத்து மதியம். நெம்மேலிக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் குப்பத்துக் கடற்கரையில் நடந்தது இது.

நான் மீன் வியாபாரம் செய்பவள். விடிந்ததும் கரையில் ஏலம் எடுத்து, மாமல்லபுரத்து ஓட்டல்களுக்கு என் பிக்கப் வண்டியை நானே ஓட்டிக்கொண்டு போய்ப் போடுவேன். எனக்கு வாய் நீளம் என்று ஊரில் சொல்வார்கள். ஏலத்தில் நிற்கிறவளுக்கு வாய் நீளமாக இல்லாவிட்டால் கூடைக்கு நெத்திலிகூட வராது.

என் வீட்டுக்காரர் கடலுக்குப் போனவர். அந்தத் தைக்கு நான்கு வருடங்களுக்கு முன்னால், கரையேறும்போது அலை படகைப் புரட்டியதில் இடுப்பில் அடிபட்டுவிட்டது. இடது கால் சுத்தமாக விழுந்துவிட்டது, வலது காலில் பாதி பலம். பயிற்சிக்குப் போன இடத்தில் இரண்டு கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகினார். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு சக்கர நாற்காலிதான். நாற்காலி தாராளமாகத் திரும்பட்டும் என்று பீரோ, பெஞ்சு, மேசை எல்லாவற்றையும் ஓரம் கட்டி வீட்டையே காலியாக்கி வைத்தேன். எழுப்புவதும் உட்கார வைப்பதும் நான். கழிவறைக்குத் தூக்கிக்கொண்டு போவதும் நான்.

ஒருமுறை கடலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். மண்டபத்துக் கழிவறைக்கு நான்கு படி. சொந்தக்காரர்கள் இரண்டு பேர் அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அங்கேயே பேசிக்கொண்டும் நின்றார்கள். அதற்குப் பிறகு வீடு வந்து சேரும்வரை அவர் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. "இனிமே நான் எங்கியும் வரல," என்றார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். தூத்துக்குடியில் இருக்கும் எங்கள் மகள் சொந்த வீடு கட்டிப் பால் காய்ச்சியபோதுகூட அப்பா போகவில்லை. அவள் போனில் ஒவ்வொரு அறையாகக் காட்டினாள். இவர் பார்த்துவிட்டு முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் இல்லை, படி கட்டி வைத்த எல்லார் மேலும். போகிற இடத்தில் அவருக்குக் கழிவறை இல்லையென்றால் அதையும் வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போவோம் என்று முடிவு செய்தேன். கேரவன் என்கிறார்களே, அதுதான். கொக்கி போட்டு இழுத்துப் போகிற வீடு.

விஷயம் தெரிந்ததும் குப்பமே சிரித்தது. சினிமாக்காரி ஆகிவிட்டேனா என்று கேட்டார்கள். நடக்க முடியாத மனுஷனுக்கு ஊர் சுற்றல் ஒரு கேடா என்று ஒருத்தி என் காது படவே சொன்னாள். அவளுக்கு அங்கேயே நின்று பதில் சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தேன். அந்தப் பதிலை இங்கே எழுத முடியாது.

செங்கல்பட்டு பக்கம் இந்த மாதிரி வண்டிகளைச் செய்யும் ஒரு பட்டறை இருந்தது. இரண்டு அளவு காட்டினார்கள். பன்னிரண்டடி வண்டி சின்னது, நடுவில் ஒரு ஆள் போகும் சந்து. பதினெட்டடி வண்டியில் சக்கர நாற்காலியே உள்ளே போய்த் திரும்பும். என் பிக்கப் அதை இழுக்கத் திணறும் என்று பட்டறைக்காரர் சொன்னார். நான் காதில் வாங்கவில்லை. சிரித்தவர்கள் வாயை மூட வேண்டும், அவருக்கும் தாராளமாக இருக்க வேண்டும், பதினெட்டுதான் என்று மனதில் முடித்துவிட்டேன். என் கொழுந்தனும் அதையே சொன்னார். "வாங்குறதே வாங்குறீங்க, பெருசா வாங்குங்க அண்ணி. அண்ணாத்த ராஜா மாதிரி போவட்டும்."

வீட்டுக்காரரிடம் பட்டறையில் கொடுத்த படத்தை நீட்டினேன். அவர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "காயிதத்துல இன்னா தெரியும்? மண்ல போட்டுக் காட்டு," என்றார்.

எங்கள் ஊர் வழக்கம் அது. புது வலையோ கல்யாணப் பந்தலோ, எதுவானாலும் முதலில் மணலில் கயிறு போட்டுப் பார்ப்போம். அதனால் அன்று மதியம் பலகைகளைப் போட்டு அவர் நாற்காலியைக் கரைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். கொழுந்தன் முளை அடித்து, வலைக்கயிற்றால் பதினெட்டடி வண்டியை மணலில் வரைந்தார். கட்டில் இங்கே, அடுப்பு அங்கே, கழிவறை மூலையில். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் கயிற்றைத் தாண்டி உள்ளே வர, சுவர் வழியாக நடக்காதீர்கள் என்று நான் விரட்டிக்கொண்டிருந்தேன்.

அவர் நடுவில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் அகல விரித்தார். கடலுக்குப் போகிறவர்கள் கயிற்றை அப்படித்தான் அளப்பார்கள், ஒரு விரிப்பு ஒரு பாகம். அவர் விரல்களுக்கும் கயிற்றுச் சுவருக்கும் இடையே இரண்டு பக்கமும் மணல்தான் கிடந்தது.

"இது சரிப்படாதுமே."

"இன்னாயா சரிப்படாது? நாற்காலி முழுசா திரும்புது பாரு."

"திரும்பும். திரும்பி எங்க போவும்? நீ வந்து தூக்குற எடத்துக்குத்தான்."

எனக்குச் சுருக்கென்றது. அவர் அதற்குள் பக்கத்தில் கரையேற்றி வைத்திருந்த இரண்டு ஃபைபர் படகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு ஆள் போகிற இடைவெளி. அங்கே தள்ளச் சொன்னார். தள்ளினேன். இரண்டு படகுகளின் விளிம்பிலும் கைகளை ஊன்றினார். தோள் புடைத்தது. எழுந்துவிட்டார்.

நான் பதறிப் பிடிக்கப் போனேன்.

"கிட்ட வராத. நீ வந்தா வுழுந்துருவேன்," என்றார்.

ஒரு கையை நகர்த்தி, அடுத்த கையை நகர்த்தி, வலது காலை வைத்து, இடது காலை இழுத்து, ஒரு அடி. இன்னொரு அடி. படகின் மறுமுனை வரை போனார். அங்கே போய், மூச்சு வாங்க, என்னைத் திரும்பிப் பார்த்தார். "எனக்கு எடம் வேணாம்மே. புடிச்சிக்க ரெண்டு பக்கமும் செவுரு வேணும்."

அந்த இடத்திலேயே மணலில் உட்கார்ந்து அழுதேன். நான்கு வருடமாக அவருக்கு வசதி செய்கிறேன் என்று, அவர் பிடித்துக்கொள்ளக் கூடிய ஒவ்வொரு பொருளையும் நானே தள்ளி வைத்திருந்தேன். அவரும் எனக்கு மனசு கஷ்டப்படும் என்று சொல்லாமல் இருந்திருக்கிறார். அன்று மாலையே பீரோவையும் பெஞ்சையும் இழுத்து நெருக்கமாகப் போட்டேன்.

மறுநாள் படகு விளிம்பின் உயரத்துக்கு ஒரு கயிற்றில் முடிச்சுப் போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போனேன். பன்னிரண்டடி வண்டி, சந்தின் இரண்டு பக்கமும் இந்த முடிச்சு உயரத்தில் கம்பி, வாசலிலும் கம்பி என்றேன். பட்டறைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"சக்கர நாற்காலி உள்ள போவாதும்மா. அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது."

"நாற்காலி வெளிய நிக்கும். ஆளு உள்ள போவாரு."

கொழுந்தனுக்கு முகம் சுருங்கிப்போனது. இவ்வளவு பேச்சுப் பேசி ஒரு தீப்பெட்டியை வாங்கி வந்தாளே என்று ஊரில் மறுபடியும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். பதிவெல்லாம் முடிந்து வண்டி வந்த வாரமே தூத்துக்குடிக்குக் கிளம்பினோம், நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

கல்பாக்கம் தாண்டியதும் அவர் தண்ணீர் பாட்டிலைக் கேட்டார். நான் சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தேன். பாட்டிலைப் பாதி காலி செய்தார். மரக்காணம் தாண்டி வண்டியை நிறுத்தச் சொன்னார். ஒரு பெட்ரோல் பங்க் ஓரமாகக் கேட்டு நிறுத்தினேன். நாற்காலியை வாசல் வரை தள்ளியதோடு என் வேலை முடிந்தது. கம்பியைப் பிடித்து ஏறினார், சந்தில் போனார். கழிவறைக் கதவைச் சாத்தினார். பிறகு உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. நான்கு வருடத்தில் முதல் முறையாக அவர் ஒரு கதவைத் தாழிட்டுக்கொண்டார்.

பங்கில் நின்ற சுற்றுலா பஸ்ஸிலிருந்து ஒரு அம்மா இறங்கி வந்து, வண்டியைச் சுற்றிப் பார்த்து, உள்ளே யார், சினிமாக்காரர்களா என்று கேட்டார்.

"என் வூட்டுக்காரரு," என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு இருந்த திமிர் அந்த பங்குக்கே தெரிந்திருக்கும்.

மகள் வீட்டில் நான்கு நாள் இருந்தோம். போனில் பார்த்த அறைகளையெல்லாம் சுவரையும் கதவு நிலையையும் பிடித்துக்கொண்டு அவரே போய்ப் பார்த்தார். இப்போதும் அவர் எழுந்தால் என் கை தானாக நீளும், நானே அதை இழுத்துப் பின்னால் கட்டிக்கொள்வேன். அந்தத் தாழ்ப்பாள் சத்தம் கேட்ட நாளிலிருந்து, யாருக்கு உதவப் போனாலும் நான் எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பதை முதலில் அவர்களிடமே கேட்டுக்கொள்கிறேன்.